கயிறு இழுத்த தோள்கள்

மன்னார்த் தீவிலே நகரை ஒட்டி அமைந்த உப்புக்குளம் தன் பெயரிலேயே உப்பையும் நீரையும் தாங்கி நிற்கும் ஊர். கடலை நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே பல. கரைவலை இழுப்பவர், தண்டு வலிப்பவர், ஆழமற்ற நீரிலே நீண்ட கோலை ஊன்றிப் படகைத் தள்ளுபவர், இயந்திரத்தின் கயிற்றைச் சுண்டி இழுத்து அதனை உயிர்ப்பிப்பவர், கரையிலே மீன்கூடையைத் தலைமேல் ஏற்றிச் செல்பவர் என இவர்களின் தொழில்கள் வேறு வேறாக இருப்பினும், பாரம் முழுவதும் ஈற்றில் வந்து இறங்கும் இடம் ஒன்றே. அது தோள். தோளுக்குத் துணை முழங்கை. இவ்விரு மூட்டுக்களையும் பேணும் அறிவு எங்கே பிறந்து, எவ்வாறு வளர்ந்து, யார் யார் கைமாறி நம் காலத்து இயன்மருத்துவரிடம் வந்து சேர்ந்தது என்பது கேட்கத்தக்க வரலாறாகும்.

மன்னார்க் கரையைப் பற்றி உலகம் எழுதியவற்றுள் பெரும்பகுதி முத்தைப் பற்றியது. அரிப்பு, கொண்டச்சி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் பெயர்கள் கிரேக்க, அரேபிய, போர்த்துக்கேய, ஒல்லாந்த வணிகர் வழியே முத்து பேசப்பட்ட கரையைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுள், 1803 ஆம் ஆண்டில், றொபேட் பேர்சிவல் என்னும் படையதிகாரி இத்தீவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடந்த முறையை அதிலே விரிவாக எழுதியுள்ளார். ஒரு தோணியிலே தண்டேலைத் தவிர இருபதுபேர். அவருள் பதின்மர் குளிப்பவர். ஐவர் ஐவராக மாறி மாறி இறங்குவர். எஞ்சிய பதின்மர் தண்டு வலிப்பர். குளித்தவரைக் கயிற்றால் மேலே இழுத்துவிடுவோரும் அவர்களே. ஒருவர் ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்குவதுண்டு என்றும், மேலே வரும்போது வாயிலும் காதிலும் இரத்தம் கசிவதுண்டு என்றும் அவர் குறிக்கின்றார். சுறாவை மந்திரத்தாற் கட்டுவதாகச் சொல்லிய கடல்கட்டிகளையும் ஆங்கில எழுத்தாளர் மறக்கவில்லை.

ஆயினும் மேலே நின்று இழுத்தவனின் தோளைப் பற்றி எவரும் எழுதவில்லை. சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த மௌனம் வியப்பளிக்கும். பதின்மர் நாற்பது முறை மூழ்கினால் நானூறு முறை ஓர் ஆளை மேலே இழுத்தல் வேண்டும். பாரமாகக் கட்டிய கல்லையும் நானூறு முறை தனியே இழுத்தல் வேண்டும். அதனைப் பதின்மர் பகிர்ந்தாலும், ஒவ்வொருவனுக்கும் நாளொன்றுக்கு எண்பது இழுப்பு. அதன்பின் தோணியைக் கரைக்கு வலித்து வருதலும் அவன் பணியே. குளிப்பவனின் மூச்சு வியப்புக்குரியதாயிற்று; முத்து விலைக்குரியதாயிற்று; இழுப்பவனின் தோள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1906 ஆம் ஆண்டில் முத்துப்பார்கள் ஓர் ஆங்கில வணிக நிறுவனத்துக்குக் குத்தகையாக விடப்பட்டன. சில ஆண்டுகளுள் அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு சலாபமும் ஒழிந்தது. கயிறு இழுக்கும் தொழில் மட்டும் ஒழியவில்லை.

தோள் ஏன் இத்தனை எளிதில் நோகின்றது? உடம்பிலுள்ள மூட்டுக்களுள் மிகுந்த விடுதலை பெற்றது அதுவே. இடுப்பு மூட்டிலே தொடையெலும்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்திருக்கும். தோளிலோ பந்து பெரிது, கிண்ணம் ஆழமற்றது; தேங்காயை விளக்குத் தட்டின்மேல் வைத்தாற் போன்ற நிலை. அது நழுவாமல் காப்பவை, தோட்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு சிறிய தசைகள். அவற்றின் நாண்கள் ஒன்றோடொன்று பின்னிப் பந்தினைத் தொப்பி போல் மூடி, கை எத்திசை சென்றாலும் பந்தைக் கிண்ணத்தின் நடுவிலே பிடித்து நிறுத்துகின்றன. பெரிய தசைகள் வலைக்கயிற்றை இழுக்கும் கூலியாட்கள் எனின், இந்நான்கும் தோணியின் சுக்கானைப் பிடித்திருப்பவர். சுக்கான் பிடிப்பவர் களைத்த பின்னும் இழுப்பு நில்லாதபோதுதான் துன்பம் தொடங்குகின்றது. முழங்கையின் கதை வேறு. அங்கே மூட்டு உறுதியானது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் பின்னுக்கு மடக்கும் தசைகள் பலவும் முழங்கையின் வெளிப்புறத்திலுள்ள ஒரு சிறிய எலும்புப் புடைப்பிலே வந்து கூடுகின்றன. இறுகப் பற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரே இடம் இழுபடும்.

இவ்வுறுப்புக்களைத் தமிழிலே பெயர்சொல்லிக் கற்பிக்க முனைந்த பெருமை யாழ்ப்பாணத்துக்குரியது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் வந்து, மானிப்பாயிலே மருத்துவப் பள்ளி நடாத்தி, 1873 ஆம் ஆண்டு வரை பணிபுரிந்தார். தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பிக்கலாம் என்று அவர் துணிந்தார். ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் வெளிவந்தன. பின்னது உடற்கூற்று நூல். மன்னாரிலிருந்து கடல்வழி சிறிது தூரத்திலே, எலும்பும் நாணும் தமிழிற் பேசப்பட்ட காலம் அது. அம்முயற்சி தொடர்ந்திருக்குமாயின் இன்று நோயாளியின் கையிலே கொடுக்கும் தாளில் நிற்கும் சொற்கள் இத்தனை அந்நியமாக இரா. தொடராமற் போனது இழப்பேயாகும்.

ஊரிலே முறிவு நெரிவு வைத்தியர் இருந்தனர்; இன்றும் உள்ளனர். எண்ணெய், பற்று, மூங்கிற் சிம்பு, துணிக்கட்டு என்பவை அவர் கருவிகள். தோள் விலகியவனின் கையை இழுத்துப் பொருத்தும் கைத்திறன் அவரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அக்குளிலே குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறையைக் கிரேக்க ஹிப்போக்கிறற்றீஸ் பெயரால் வழங்கும் பண்டை நூல்கள் கூறுகின்றன என்பதை அறிந்தால், இத்தகைய வித்தை எந்நாட்டிலும் மூட்டுக்களோடு பழகியவர் கையிலே பிறப்பது என்பது புலப்படும். ஆயினும் அங்கொரு குறை உண்டு. அது நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரியதன்று, பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நெடுங்காலம் இருந்ததே. பொருத்திய பின் கையைத் தூக்கிக் கட்டிவிடுவர். வாரங்கள் பல சென்றபின் கட்டை அவிழ்ப்பர். விலகிய தோள் பொருந்தியிருக்கும். ஆனால் வயது சென்றவராயின் அது மரக்கட்டை போல விறைத்திருக்கும். கை தலைக்கு எட்டாது. சீப்புப் பிடிக்க முடியாது. சட்டை போட மற்றொருவர் வேண்டும். பொருத்துதல் ஒரு கலை, மீண்டும் இயங்கவைத்தல் மற்றொரு கலை என்பதை மருத்துவ உலகம் மிக மெதுவாகவே கற்றது.

அந்த இரண்டாவது கலைக்குரிய முதற் பள்ளிகளுள் ஒன்று சுவீடன் நாட்டிலே 1813 இல் தோன்றியது. வாட்பயிற்சி ஆசிரியரான பேர் ஹென்றிக் லிங் என்பவர் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை அரசின் ஆதரவுடன் நிறுவினார். பயிற்சியாலும் கைபிடித்தலாலும் நோயை மாற்றும் முறை அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவிற்று. இலண்டனிலோ அது ஓர் இக்கட்டிலே சென்று மாட்டிக்கொண்டது. உடம்பு பிடித்தல் என்ற பெயரால் விலைமாதர் இல்லங்கள் இயங்குகின்றன என்று 1894 ஆம் ஆண்டிலே மருத்துவ ஏடு ஒன்று எச்சரிக்க, நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் நற்பெயரும் கறைப்பட்டது. அவ்வாண்டிலேயே தாதியராகவும் மருத்துவிச்சியராகவும் பயின்ற நான்கு பெண்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். லூசி றொபின்சன், றோசலின்ட் பஜெற், எலிசபெத் மான்லி, மார்கிறெற் பாமர் என்பன அவர் பெயர்கள். அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகள் கடுமையானவை: மருத்துவர் கட்டளையின்றி எவரையும் தொடலாகாது; விளம்பரம் செய்யலாகாது; தேர்வெழுதித் தேறாதவர் சங்கத்துள் நுழையலாகாது. மானத்தைக் காப்பதற்காகத் தாமே இட்டுக்கொண்ட அந்த வேலி, தொழிலை மருத்துவரின் ஏவலுக்குக் கீழே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வைத்திருந்தது. அன்றைய நிலையில் அவர்களுக்கு வேறு வழியிருந்ததென்று சொல்வதற்கில்லை.

1914 இல் மூண்ட உலகப் போர் இத்தொழிலை வளர்த்தது. முடங்கிய கையோடும் காலோடும் திரும்பிய போர்வீரர் எண்ணிறந்தவர். அவரைப் பேணப் பிரித்தானியாவிலே பெண்களின் படையொன்று எழுந்தது. அமெரிக்காவிலும் அவ்வாறே பெண்கள் பயிற்றப்பட்டனர். போரிலே கண்ணிழந்த வீரரும் கைத்தொட்டு நோயறியும் இக்கல்வியைக் கற்றுத் தொழில் செய்தனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1920 இல் இலண்டன் சங்கத்துக்கு அரசப் பட்டயம் கிடைத்தது. 1944 இல் அது இயன்மருத்துவர் சங்கம் எனப் பெயர் மாறியது. உலக நாடுகளின் இயன்மருத்துவச் சங்கங்கள் 1951 இல் கொப்பன்ஹேகனில் ஒன்றுகூடின.

இனித் தோளுக்கென்றே வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சற்று நின்று பேசுதல் தகும். அவர் இயன்மருத்துவர் அல்லர், சத்திரசிகிச்சை நிபுணர். பெயர் ஏர்னஸ்ற் கொட்மன், ஊர் அமெரிக்காவின் பொஸ்ரன், பிறப்பு 1869. தோளினுள்ளே உராய்வைத் தணிக்கும் சிறிய மசகுப் பை ஒன்றைப் பற்றி ஆராயத் தொடங்கியவர், நாண் அறுந்த தோளை 1909 இலேயே தைத்து, 1911 இல் அதனை வெளியிட்டார். ஆயினும் அவரை ஊரோடு பகைக்க வைத்தது தோள் அன்று, ஒரு கேள்வி. சிகிச்சை பெற்று வீடு சென்ற நோயாளி ஓராண்டின் பின் எவ்வாறு இருக்கின்றார் என்று ஆஸ்பத்திரி ஏன் கேட்பதில்லை என்பதே அக்கேள்வி. கேட்டால் எந்தச் சத்திரசிகிச்சை பயன்பட்டது, எது பயன்படவில்லை, தவறு யாருடையது என்பன வெளிப்படும். வெளிப்படுவதைப் பெரியோர் விரும்பவில்லை. கொட்மன் 1914 இல் பெரிய ஆஸ்பத்திரிப் பதவியைத் துறந்தார். 1915 சனவரியில் மருத்துவர் கூடிய கூட்டம் ஒன்றிலே, மணலில் தலையைப் புதைத்துப் பொன்முட்டையிடும் தீக்கோழியாக நகரத்துச் செல்வரைத் தீட்டிய பெரிய கேலிச்சித்திரத்தை அவர் விரித்துக் காட்ட, அவை கொந்தளித்தது. நண்பர் பலரையும் வருமானத்தையும் அவர் இழந்தார்.

தாம் நடாத்திய சிறிய ஆஸ்பத்திரியில் அவர் தம் கொள்கையைக் கடைப்பிடித்தார். 1911 தொடக்கம் 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து, 123 தவறுகள் நிகழ்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். மருத்துவர் ஒருவர் தம் பிழைகளை எண்ணிப் பிறர் கையிலே கொடுப்பது எக்காலத்திலும் அரிது. அந்த ஆஸ்பத்திரி 1918 இல் மூடப்பட்டது. 1934 இல், தோளைப் பற்றிய தம் பெருநூலைச் சொந்தச் செலவிலேயே வெளியிட்டார். ‘உறைந்த தோள்’ என்னும் பெயர் அந்நூலில்தான் பிறந்தது. இடுப்பை வளைத்துக் குனிந்து நின்று, கையை மணியின் நாவினைப் போலத் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டும் பயிற்சியும் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. குனியும்போது கை தன் பாரத்தாலே தானே உயர்ந்த நிலையை அடைகின்றது. நொந்த தசை அதனைத் தூக்க வேண்டுவதில்லை. இத்தனை எளிய செயல் எண்ணற்ற தோள்களை விறைக்காமற் காத்துள்ளது. அவர் 1940 இல் இறந்தபோது கல்லறைக்குக் கல் ஒன்றும் நாட்டப்படவில்லை. 2014 இல்தான் மருத்துவச் சங்கங்கள் கூடி அதனை நாட்டின.

உறைந்த தோளுக்கு முந்திய பெயரும் உண்டு. பிரான்சு நாட்டு டுப்ளே 1872 இலேயே அதனை மூட்டைச் சூழ்ந்த அழற்சி என்று விவரித்தார். 1945 இல் நெவியாசர் என்பார் மூட்டுறை தடித்துச் சுருங்குவதைக் கண்டு காட்டினார். நோவோடு தொடங்கும், இரவிலே உறக்கத்தைக் கெடுக்கும், பின் நோ தணிந்து இறுக்கம் மிகும், மாதங்கள் பல சென்றபின் மெல்லத் தளரும். நாற்பது முதல் அறுபது வயதினரை, அவருள்ளும் நீரிழிவு உடையவரை, இது மிகுதியாக நாடும். நீரிழிவு பெருகிவரும் நம் நாட்டிலே இதனை நேயர்கள் நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். தேர்ந்த இயன்மருத்துவர் இதனை அறிவது பெரிய கருவியாலன்று. முழங்கையை விலாவோடு சேர்த்து வைத்து, முன்கையை வெளிப்புறம் திருப்பச் செய்வார். பின்னர்த் தாமே பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். நோயாளியாலும் இயலாது, பிறர் திருப்பினும் நகராது எனின் மூட்டுறை சுருங்கிய குறி அது. நோயாளியால் உயர்த்த முடியாத கையைப் பிறர் உயர்த்த முடியுமெனின் நாணிலோ நரம்பிலோ குறை இருக்கலாம். வெளித் திருப்பம் நகராத தோள் எல்லாம் உறைந்த தோளும் அன்று. வலிப்பு வந்தவரிடத்தும் மின்னதிர்ச்சி உற்றவரிடத்தும் மூட்டு பின்புறமாக விலகியிருக்கக் கூடும். ஆதலால் எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று பார்த்தபின் முடிவு செய்வதே முறை.

இந்நோய்க்கு எது சிறந்த பரிகாரம் என்னும் வினாவிற்கு விடை காண, பிரித்தானியாவிலே 503 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. மூட்டினுள் ஊசி போட்டு முறையான இயன்மருத்துவம் செய்தல், மயக்கி வைத்துத் தோளை அசைத்து விடுவித்தல், துளைவழியே மூட்டுறையை வெட்டித் தளர்த்துதல் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டின் முடிவில் ஒன்றைவிட மற்றொன்று பெரிதும் மேம்பட்டதென்று காணப்படவில்லை. கொட்மன் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பெற்ற விடை இது.

அதனினும் கூர்மையான பாடம் வேறொன்று. கையை உயர்த்தும்போது நாண் மேலெலும்பிலே உரசுவதனாலேயே தோள் நோகின்றது என்று நியூயோர்க்கைச் சேர்ந்த சாள்ஸ் நீர் 1972 இல் எழுதினார். உரசும் எலும்பின் அடிப்பகுதியைச் சீவிவிடும் சத்திரசிகிச்சை அதன்வழி பரவியது. இங்கிலாந்திலே 2000 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,500 ஆக இருந்த இச்சிகிச்சை, பத்தாண்டுகளில் 21,000 ஐத் தாண்டியது. பின்னர் ஒருவகைத் துணிச்சலான ஆய்வு நடந்தது. 313 நோயாளரை மூன்று கூறாக்கி, ஒரு கூறினர்க்கு மெய்யாகவே எலும்பைச் சீவினர். ஒரு கூறினர்க்குத் துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாது தைத்தனர். ஒரு கூறினர்க்குச் சிகிச்சையே இல்லை. 2018 இல் முடிவு வெளியானபோது, சீவப்பட்டவர்க்கும் சீவப்படாது தைக்கப்பட்டவர்க்கும் வேறுபாடு இருக்கவில்லை. சிகிச்சையே பெறாதவரைவிட இருவரும் சிறிதளவு நலமாயிருந்தனர். அதுவும் வாழ்க்கையிலே உணரத்தக்க அளவன்று. இதற்கு ஆறு ஆண்டுகள் முன்னே, சுவீடனில் 102 நோயாளரிடையே செய்த ஆய்வொன்று, நாண்களைக் குறித்துச் செய்யும் தகுந்த பயிற்சி பெற்றவருள் மிகச் சிலரே பின்னர்ச் சத்திரசிகிச்சையை நாடினர் என்று காட்டியிருந்தது.

முழங்கைக்கு வருவோம். வெளிப்புறப் புடைப்பிலே உண்டாகும் நோவை 1873 இல் ஜேர்மனியின் றுங்கே எழுத்தரிடம் கண்டெழுதினார். பத்தாண்டு செல்லுமுன் ஆங்கிலேயர் அதற்குத் தம் விளையாட்டின் பெயரைச் சூட்டிவிட்டனர். இன்றும் மருத்துவ உலகிலே அது ‘டெனிஸ் முழங்கை’யே. உப்புக்குளத்திலே டெனிஸ் ஆடி இந்நோ பெற்றவரைத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஈரக்கயிற்றை முறுக்கிப் பிடிப்பவரும், வலையிலிருந்து மீனைக் கழற்றுபவரும், துணி பிழியும் தாய்மாரும், தச்சரும், கொத்தரும் பெறும் நோய் இது. பெயர் பிறந்த இடம் பணக்காரரின் புல்வெளி. நோய் வாழும் இடம் ஏழையின் முற்றம்.

இந்நோவிற்கு ஸ்ரெரொயிட் ஊசி போடுதல் நெடுநாள் வழக்கம். ஊசி போட்டதும் நோ மறையும், நோயாளி மகிழ்வார், மருத்துவரும் மகிழ்வார். அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனிலே 198 பேரைக் கொண்டு செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வு, அம்மகிழ்ச்சியின் பின்கதையைச் சொல்லிற்று. ஆறு வாரத்தில் ஊசி பெற்றவரே முன்னணியில் நின்றனர். ஆனால் அவ்வாறு நலமடைந்தவருள் நூற்றுக்கு எழுபதின் மேற்பட்டோர்க்கு நோ மீண்டும் வந்தது. ஓராண்டின் முடிவில் வெறுமனே காத்திருந்தவரும், இயன்மருத்துவம் பெற்றவரும் அவரைவிட நலமாயிருந்தனர். பயிற்சியோ எளிது: முன்கையை மேசைமேல் வைத்து, சிறு பாரத்தைப் பிடித்து, மணிக்கட்டை மெல்லக் கீழே இறக்குதல், மற்றக் கையால் அதனை மேலேற்றி, மீண்டும் இறக்குதல், வாரத்துக்கு வாரம் பாரத்தைச் சிறிது கூட்டுதல். நாண் என்பது ஓய்விலே வலுப்பதில்லை. அளவறிந்த பாரத்திலே வலுப்பது.

இத்தகைய அறிவு திரளத் திரள, ஏவலுக்குக் கட்டுப்பட்ட தொழில் தன்னுரிமை பெற்றது. அவுஸ்திரேலியாவில் 1976 இலும், பிரித்தானியாவில் 1977 ஐ ஒட்டியும், மருத்துவர் கடிதமின்றியே நோயாளியைக் கண்டு தாமே முடிவெடுக்கும் நிலையை இயன்மருத்துவர் எய்தினர். 2013 இல் பிரித்தானியச் சட்டம் தகுதி பெற்ற இயன்மருத்துவர்க்குத் தாமே மருந்து எழுதும் உரிமையையும் வழங்கியது. இவ்வாறு வளர்ந்ததே தோளுக்கும் முழங்கைக்கும் மட்டுமே உரிய மேனிலை இயன்மருத்துவர் என்னும் பதவி. அவர் படம் எடுக்கப் பணிப்பார், ஊசி போடுவார், சத்திரசிகிச்சை வேண்டியவரைப் பிரித்தெடுத்து அனுப்புவார், வேண்டாதவரைக் கத்தியிலிருந்து காப்பார்.

உரிமையோடு பாரமும் வரும். தோள்நோ எல்லாம் தோளில் பிறப்பதில்லை. நெஞ்சின் நோ இடத்தோளிலே தோன்றுவதுண்டு. நுரையீரலின் உச்சியில் எழும் புற்றுநோய் தோளையும் கையின் உட்புறத்தையும் நோகச் செய்யும் என்பதை ஹென்றி பான்கோஸ்ற் 1924 இலும் 1932 இலும் விவரித்தார். கழுத்து எலும்பிடையே நெரிபட்ட நரம்பு முழங்கையிலே குத்தும். பல்லாண்டு புகை பிடித்த ஒருவர், தோள்நோவென்று வந்து, கண்ணிமை ஒன்று சற்றே தாழ்ந்திருக்க அமர்ந்திருப்பாராயின், அவர்க்குப் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புபவர் அவருயிரைக் கைவிட்டவராவார். முன்னாள் இயன்மருத்துவர்க்கு இப்பொறுப்பு இருக்கவில்லை. அது கடிதம் எழுதியவரின் பொறுப்பாயிருந்தது. இன்று முதலிலே காண்பவரே முதலிலே ஐயுறவும் வேண்டும்.

நம் பக்கத்தைப் பார்ப்போம். பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில், இளம்பிள்ளைவாதம் பரவிய காலத்தை அடுத்து, 1950 களின் தொடக்கத்திலே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயன்மருத்துவப் பள்ளி எழுந்தது. வேலூரிலோ அதற்கு முன்னரே ஒரு பெரும்பணி தொடங்கியிருந்தது. தொழுநோய் முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பைத் தடிக்கச் செய்து விரல்களைக் கொக்கிபோல் மடக்கிவிடும். 1946 இல் அங்கு வந்த போல் பிறான்ட், நலமான தசையின் நாணை எடுத்து முடங்கிய விரலுக்கு மாற்றிப் பொருத்தினார். பொருத்தியது அவர், இடம் மாறிய தசைக்குப் புதிய தொழிலைக் கற்பித்தவர் இயன்மருத்துவர். அக்கல்வி இன்றேல் தைத்த நாண் வெறுங்கயிறே. அதே ஆஸ்பத்திரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் வாகன விபத்திலே இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சை செய்து, பின் அமெரிக்காவிற் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று, 1966 இல் வேலூரிலே அதற்கான நிலையம் திறக்க முன்னின்றார்.

இலங்கையிலே கொழும்புப் பெரியாஸ்பத்திரியை ஒட்டி இயன்மருத்துவக் கல்வி வேரூன்றி, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே பல்கலைக்கழகப் பட்டமாயிற்று. மன்னார்க்கோ அக்காலம் கொடிய காலம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே கையும் காலும் இழந்தோர் பலர். தலைமன்னார்ப் புகையிரதம் 1990 இல் நின்றது. 2015 இல்தான் மீண்டும் ஓடிற்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உப்புக்குளத்து வீடுகளும் வெறுமையாயின. திரும்பிவரப் பலருக்கு இருபது ஆண்டுகளாயின. வாரந்தோறும் சென்று பயிற்சி பெறவேண்டிய நோய்க்கு வழியும் இல்லை, வாகனமும் இல்லை. முறிந்த எலும்பு பொருந்தியும் உயராத கைகளோடு பலர் வாழ்ந்தது அதனால்தான்.

அமைதியின் பின்னும் தூரம் தூரமே. நாட்கூலிக்கு வலையிழுப்பவர் வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குச் சென்றால் அன்றைய அடுப்பு எரியாது. இவ்விடத்திலே பிரித்தானியாவில் 708 தோள்நோயாளரிடையே செய்து 2021 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வேறெவரையும்விட உப்புக்குளத்தார்க்குப் பயன்படுவது. ஒரு சாரார்க்கு இயன்மருத்துவர் ஆறு அமர்வுகள் வரை பயிற்சி அளித்தார். மறுசாரார்க்கு ஒரே ஓர் அமர்வு. நோயைத் தெளிவாக விளக்கி, எளிய பயிற்சிகளைச் செய்துகாட்டி, கைநூல் ஒன்றும் கொடுத்து அனுப்பினார். ஓராண்டின் பின் இரு சாராரும் ஒருபடித்தாகவே நலமடைந்திருந்தனர். ஆறுமுறை வரவழைத்தலே சிறந்த சேவை என்று எண்ணியிருந்த தொழிலார்க்கு இது சற்றுக் கசப்பான செய்திதான். அதனைத் தாமே ஆராய்ந்து தாமே வெளியிட்டமை அவர்க்குப் பெருமை.

எனின் அந்த ஒரே அமர்வு எத்தகையதாக இருத்தல் வேண்டும்? கயிற்றை எந்தக் கையால் முன்பிடிக்கின்றீர், மடியிலே மீன் கூடிய நாளில் எத்தனை பேர் இழுக்கின்றீர், எப்பக்கம் படுத்து உறங்குகின்றீர், சருக்கரை பார்த்தீரா என்று கேட்க வேண்டும். நோ சிறிது இருப்பினும் கையை அசைப்பதால் நாண் அறுந்துவிடாது என்று அச்சத்தை நீக்க வேண்டும். கதவிலே கட்டிய பழைய சைக்கிள் ரியூப் துண்டை இழுத்துக் காட்டினாற் போதும். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. விழுந்த பின் கையை உயர்த்த முடியாமற் போனாலோ, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ வீட்டில் இருக்கலாகாது என்பதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவற்றைப் படத்தோடு, கடற்றொழிலாளரின் மனைவி வாசித்துக் காட்டக்கூடிய தமிழிலே, ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு கழிந்தபின் அவர் மீண்டும் கரைவலைக்குச் செல்கின்றாரா என்று ஆளனுப்பியேனும் விசாரிக்க வேண்டும்.